ஊதா மூடி

எங்கள் லேப் மருத்துவமனையின் அடித்தளத்தில் இருக்கிறது. வெளியே மழை பெய்கிறதா என்று தெரிய வேண்டுமானால், மேலிருந்து சாம்பிள் கொண்டுவருபவரின் செருப்பைப் பார்க்க வேண்டும்.

நான் அங்கே பொறுப்பாளர். ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, இயந்திரங்கள் அனுப்பும் எண்களைத் திரையில் பார்த்து, சரியாக இருந்தால் ஒப்புதல் தர வேண்டும். ஒப்புதல் தந்தால்தான் அந்த ரிப்போர்ட் வார்டுக்குப் போகும். அதற்கான பாஸ்வேர்டு என்னிடமும் லேப் டாக்டரிடமும் இருக்கிறது. டாக்டருக்கு இரண்டு கட்டடங்களைப் பார்க்கிற வேலை. நான் இருக்கும்வரை அவருக்குத் தன் பாஸ்வேர்டு ஞாபகம் வராது.

காலை ஏழு முதல் மாலை மூன்று வரை என் நேரம். மூன்றுக்குப் பிறகு வரவேண்டிய ஆள் வேலையை விட்டு ஒரு வருடம் ஆகிறது. அந்த இடத்துக்கு ஆள் கேட்கும்போதெல்லாம் எங்கள் மேலாளர், "பாத்துக்கலாம்மா" என்பார். லேபில் அவருக்குப் பெயரே அதுதான். "பாத்துக்கலாம் வர்றாரு" என்று யாராவது கிசுகிசுத்தால் எல்லாரும் குனிந்துகொள்வோம். ஆள் வரவில்லை. நான் ஆறு வரை, ஏழு வரை இருந்தேன். கழிப்பறைக்குப் போனால் ரிப்போர்ட்டுகள் தேங்கிவிடும் என்பதால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டேன். அப்போது அது புத்திசாலித்தனமாகத் தோன்றியது.

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் குளிர் அறைக்குள் ரசாயனப் புட்டி எடுக்கப் போனேன். அங்கே எப்போதும் நான்கு டிகிரி. போனில் சிக்னல் வராது. ஒரு அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்தேன். எழுந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. கால்களுக்குத் தெரியவில்லை. நாற்பது நிமிடம் கழித்துக் குருவிதான் வந்து பார்த்தாள்.

குருவி எங்கள் டெக்னீஷியன். இருபத்து மூன்று வயது. கொஞ்சமாகச் சாப்பிட்டு நிறையப் பேசுவாள், அதனால் அந்தப் பெயர்.

"அக்கா, இங்க என்ன பண்றீங்க?"

"எண்ணிட்டிருக்கேன்" என்றேனாம். எதை என்று கேட்டதற்கும் அதையே சொன்னேனாம்.

ஏழு வாரம் விடுப்பு. மருத்துவர் ஒரு தாளில் வேலைச்சோர்வு என்று எழுதித் தந்தார். என் மாமியார் அதை வாங்கிப் படித்துவிட்டு, "உக்காந்துக்கிட்டே பாக்குற வேலை. அதுல என்ன சோர்வு? நின்னுக்கிட்டே பாத்திருந்தா என்ன ஆகியிருப்பியோ" என்றார். அவர் முப்பது வருடம் துணிக்கடையில் நின்றுகொண்டே வேலை பார்த்தவர். அவர் சொன்னதையேதான் நானும் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த ஏழு வாரமும் வேறு கிளையிலிருந்து ஒருவர் வந்து என் நாற்காலியைப் பார்த்துக்கொண்டார். நான் திரும்பிய அன்று காலையிலேயே அவரை அனுப்பிவிட்டார்கள். "நீங்க வந்துட்டீங்க, இனி எனக்குக் கவலையே இல்லம்மா. நீங்க இல்லாம இங்க ஒண்ணும் ஓடல" என்றார் மேலாளர். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அன்றே ஆறரை வரை இருந்தேன்.

மருத்துவர் தினம் ஒரு முறையாவது 'முடியாது' என்று சொல்லிப் பழகச் சொல்லியிருந்தார். வீட்டுக்குப் போனதும் கணவர் கேட்பார்.

"இன்னிக்கு எத்தனை?"

"ஒண்ணு."

"யார்கிட்ட?"

"பஸ்ல ஒரு அம்மா சீட்டுல கொஞ்சம் நகரச் சொன்னாங்க."

"அவங்ககிட்டயா முடியாதுன்னு சொன்னே?"

"நகந்துட்டுத்தான் சொன்னேன்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். உண்மையில் அதுகூடச் சொல்லவில்லை.

திரும்பி வந்த மூன்றாவது வாரம், ஒரு வியாழக்கிழமை, நாலரை மணிக்குப் பெண்கள் வார்டிலிருந்து போன் வந்தது. செவிலியர் பேசினார்.

"மேடம், இப்பதானே போன் பண்ணி பதினாலாம் படுக்கைக்குப் பொட்டாசியம் எட்டு புள்ளி ஒண்ணுன்னு சொன்னீங்க?"

"ஆமா சிஸ்டர். அபாய அளவு."

"அந்தம்மா இங்க சம்மணம் போட்டு உக்காந்து, பிஸ்கட் ஏன் ரெண்டுதான் குடுத்தேன்னு எங்கிட்ட சண்டை போட்டுட்டிருக்காங்க. எட்டு இருந்தா இதயமே தடுமாறும், சண்டை போட முடியுமா? டாக்டர் மருந்து ஏத்தச் சொல்லிட்டாரு. எனக்கென்னவோ மனசு ஒப்பல. ஒரு வார்த்தை கேட்டுட்டு ஏத்தலாம்னு..."

"ஏத்தாதீங்க" என்றேன். மறுபடி சொன்னேன். "ஏத்தாதீங்க சிஸ்டர். வேற ரத்தம் எடுத்து அனுப்புங்க. டாக்டர்கிட்ட நானே பேசுறேன்."

ரிப்போர்ட்டைத் திறந்தேன். பொட்டாசியம் சிவப்பு நிறத்தில் எட்டு புள்ளி ஒன்று. அதற்கு இரண்டு வரி கீழே கால்சியம், அதுவும் சிவப்பில், இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை.

இரத்தம் எடுக்கும் குழாய்களுக்கு நிறம்நிறமாக மூடிகள் உண்டு. ஊதா மூடிக் குழாயில் இரத்தம் உறையாமல் இருக்க ஒரு உப்பு இருக்கும். அந்த உப்பில் பொட்டாசியம் உண்டு. கால்சியத்தை அது பிடித்து வைத்துக்கொள்ளும். பொட்டாசியம் பார்க்கும் மஞ்சள் மூடிக் குழாயில் ஊதாவிலிருந்து சில சொட்டுகள் கலந்தாலே ஒன்று ஏறும், மற்றது இறங்கும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் நான் நடத்தும் பாடமே இதுதான். ரெண்டும் சேர்ந்து இப்படி வந்தா ஊதா மூடியைத் தேடுங்க என்பேன். எட்டு வருடமாகச் சொல்கிறேன்.

அந்த ரிப்போர்ட்டுக்கு நாலு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒப்புதல் தந்திருந்தேன். வார்டுக்குப் போனும் செய்திருந்தேன். இரண்டும் எனக்கு ஞாபகமே இல்லை.

புது சாம்பிள் வந்தது. பொட்டாசியம் நாலு புள்ளி இரண்டு, எல்லாருக்கும் இருக்கும் அளவு. அதைக் குறைக்கும் மருந்து ஏறியிருந்தால் அந்த அம்மாவின் இதயம் தடுமாறியிருக்கும்.

குருவி இயந்திரத்தின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் கேட்பதற்கு முன்பே ஆரம்பித்தாள்.

"நான்தான் ஊத்தினேன்க்கா. அந்தம்மாவை நாலு தடவை குத்திட்டாங்களாம். நரம்பே கிடைக்கலையாம். சாம்பிள் கொண்டுவந்தவங்க சொன்னாங்க, கையெல்லாம் நீலமா இருக்குன்னு. மஞ்ச மூடியில கொஞ்சூண்டுதான் இருந்துச்சு. பத்தலைன்னு சொன்னா மறுபடியும் குத்துவாங்க. ஊதாவுல மிச்சம் இருந்துச்சு. அதான்..."

"முதல் நாளே சொன்னேனேடி."

"சொன்னீங்க. தெரியும். நேத்தும் தெரியும், இப்பவும் தெரியும். ஊத்தும்போது மட்டும் தெரியல."

அவள் கண்களுக்குக் கீழே கருத்திருந்தது. "கடைசியா என்னைக்கு லீவு எடுத்தே?" என்று கேட்டேன்.

"பதினோரு நாளாச்சு."

அந்த அட்டவணையைப் போட்டவளும் நான்தான்.

மறுநாள் காலை மேலாளர் ஒரு படிவத்தோடு வந்தார். தவறு நடந்தால் நிரப்ப வேண்டிய படிவம். என்ன நடந்தது, யார், காரணம், இனி நடக்காமல் இருக்க என்ன வழி என்று நாலு கட்டங்கள். அவர் என் மேஜை ஓரத்தில் உட்கார்ந்தார்.

"பெருசா ஒண்ணும் ஆகல. கடவுள் புண்ணியம். ஆனா வார்டு டாக்டர் மேல சொல்லிட்டாரு. மேலிடத்துக்கு எழுதியாகணும். ஊழியரின் கவனக்குறைவுன்னு ஒரு வரி, அந்தப் பொண்ணு பேரு, உங்க கையெழுத்து. முடிஞ்சுது."

"அவளுக்கு இன்னும் ரெண்டு மாசம் தகுதிகாண் பருவம் இருக்கு சார்."

"ஆமா, அதான் சுலபம். நிறுத்துறதுல சிக்கல் இல்ல."

"ஒப்புதல் கொடுத்தது நான்."

அவர் என்னைப் பார்த்தார். பாசமாகத்தான் பார்த்தார்.

"அப்படி எழுதினீங்கன்னா என்ன நினைப்பாங்க? ஏழு வாரம் லீவுல இருந்த பொண்ணு, இன்னும் தேறலைன்னு நினைப்பாங்க. நாற்காலியை வேற யாருக்காவது குடுப்பாங்க. இன்னொரு தடவை உங்களுக்காக நான் பேச முடியாதும்மா. சாயங்காலத்துக்குள்ள குடுங்க."

படிவத்தை விசைப்பலகைக்குக் கீழே வைத்துவிட்டு ரிப்போர்ட் பார்த்தேன். ஒவ்வொன்றையும் இரண்டு முறை பார்த்தேன். பொட்டாசியம் வந்தபோதெல்லாம் மூன்று முறை. பத்து மணிக்குள் எண்பது ரிப்போர்ட் தேங்கிவிட்டது. நான்கு வார்டுகளிலிருந்து போன். தண்ணீர்ப் புட்டியை எடுத்து, குடிக்காமல் தள்ளி வைத்தேன். விடுப்புக்கு முன் இருந்த அதே பழக்கம். திரும்பி வந்துவிட்டது என்று நினைத்தேன். எங்கேயும் போகவே இல்லை போலும்.

குருவி பெயரை எழுதினால் அவளுக்கு வேலை போகும். என் பெயரை எழுதினால் எனக்கு. யார் பெயரை எழுதினாலும் மறுநாள் காலை ஏழு மணிக்கு இந்த நாற்காலியில் யாராவது ஒருத்தி உட்கார்ந்து மாலை ஏழு வரை எழுந்திருக்காமல் இருப்பாள்.

பதினொன்றுக்குப் படிவத்தை எடுத்தேன். குருவியைப் பற்றி எழுதுவது எளிதாக இருந்தது. பதினோரு நாள் இடைவிடாத வேலை. நோயாளிக்கு மறுபடியும் வலிக்கக் கூடாது என்ற எண்ணம். இரத்தம் போதவில்லை என்றால் யாரிடம் சொல்வது என்று எழுத்தில் எந்த விதியும் இல்லை. கேட்டவுடன் மறைக்காமல் சொன்னார். ஆறு வரி வந்தது. அதற்குக் கீழே என்னைப் பற்றி எழுதினேன்: ஒப்புதல் அளித்த பொறுப்பாளரின் மன்னிக்க முடியாத கவனக்குறைவு.

சம்பந்தப்பட்டவர் படித்துக் கையெழுத்திட வேண்டும். குருவியைக் கூப்பிட்டேன். அவள் நின்றுகொண்டே படித்தாள். உதடு அசைய அசையப் படித்தாள். பிறகு தாளை என் பக்கம் திருப்பினாள்.

"இது என்னக்கா ஓரவஞ்சனை?"

"என்ன?"

"எனக்கு ஆறு வரி எழுதி, கிட்டத்தட்ட சிலை வைக்காத குறை. உங்களுக்கு ஒரே வரி. அதுவும் தூக்குத் தண்டனை மாதிரி இருக்கு. நீங்க மட்டும் நேத்து வெளிநாட்டுச் சுற்றுலாவா போயிருந்தீங்க? என்கூட இங்கதானே கிடந்தீங்க."

"நான் பொறுப்பாளர். எனக்குக் காரணம் சொல்லக் கூடாது."

"யாரு சொன்னது?"

யோசித்தேன். யாரும் சொல்லவில்லை.

"நான் கையெழுத்து போட மாட்டேன்" என்றாள். "நீங்களும் உங்களுக்கு ஆறு வரி எழுதுங்க. அப்புறம் போடுறேன்." சொல்லிவிட்டுப் போய்விட்டாள். போகும்போது இரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் இயந்திரத்தின் மூடியைத் தேவைக்கு மேல் சத்தமாகச் சாத்தினாள்.

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. களைப்பாக இருந்தது என்று எழுத வெட்கமாக இருந்தது. அது ஒரு உணர்ச்சி, அளவு கிடையாது. எனக்கு அளவு இல்லாத எதையும் எழுதிப் பழக்கமில்லை. அதனால் அளவைத் தேடினேன். எங்கள் மென்பொருள் ஒவ்வொரு ரிப்போர்ட்டும் எப்போது திறக்கப்பட்டது, எப்போது ஒப்புதல் பெற்றது என்று வினாடிக் கணக்கில் வைத்திருக்கும். யாரும் அதைப் பார்ப்பதில்லை. வியாழக்கிழமைக்குரியதை எடுத்தேன். நானூற்றுப் பன்னிரண்டு ரிப்போர்ட்டுகள். ஒரு வரைபடமாகப் போட்டேன்.

காலை ஏழு மணிக்கு ஒரு ரிப்போர்ட்டைச் சராசரியாக நாற்பத்தோரு வினாடி பார்த்திருந்தேன். பதினொன்றுக்கு முப்பது. ஒன்றரைக்குப் பதினேழு. மூன்று மணிக்குப் பிறகு கோடு தரையைத் தொட்டுக்கொண்டே போனது. பதினாலாம் படுக்கைக்கு இரண்டு வினாடி.

மேலே என் பெயர் இருந்தது. அதை விரலால் மறைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். எனக்குத் தெரியாத யாரோ ஒரு டெக்னீஷியனின் கோடு. காலையில் ஒழுங்காக ஆரம்பித்திருக்கிறாள். ஒன்பது மணி நேரத்தில் ஒரு முறைகூட ஐந்து நிமிடத்துக்கு மேல் இடைவெளி இல்லை. இடையில் முப்பத்தெட்டு முறை போன் எடுத்ததாகவும் பதிவு இருக்கிறது. பாவம், இந்தப் பெண்ணை மூன்று மணிக்கு ஏன் யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை?

அப்படித்தான் நினைத்தேன். விரலை எடுத்தேன். அனுப்பியிருக்க வேண்டியவளும் நான்தான்.

கொஞ்ச நேரம் திரையைப் பார்க்க முடியவில்லை. கண் எரிந்தது. பக்கத்தில் ஒருவர் சிறுநீர்ப் புட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார், அதனால் தும்மல் வந்ததுபோல் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அந்த ஒரு வரியை அடித்துவிட்டு எழுதினேன். ஒன்பது மணி நேரத்துக்கு மேல் இடைவேளையின்றி ஒப்புதல் வேலை. மூன்று மணிக்குப் பிறகு ஆள் இல்லை. வரைபடம் இணைப்பில். கடைசிக் கட்டத்தில் எழுதினேன்: இன்று முதல் மூன்று மணிக்குப் பிறகு என் பெயரில் எந்த ஒப்புதலும் வராது. அவசர ரிப்போர்ட்டுகளை லேப் டாக்டர் பார்ப்பார். மற்ற சாம்பிள்கள் முறைப்படி பிரித்துக் குளிரில் வைக்கப்பட்டு, மறுநாள் காலை முதலில் எடுக்கப்படும். ஆறு நாளுக்கு மேல் யாரும் தொடர்ந்து வேலை செய்ய மாட்டார்கள்.

சாதாரண சாம்பிள்களை நிறுத்திவைக்கப் பொறுப்பாளருக்கு அதிகாரம் உண்டு என்று விதிப்புத்தகத்தில் இருக்கிறது. எட்டு வருடத்தில் அந்தப் பக்கத்தை யாரும் பயன்படுத்தவில்லை. நானும்தான்.

குருவி எண்ணிப் பார்த்தாள். "நாலு வரிதான் இருக்கு."

"கிராஃப் ரெண்டு வரிக்குச் சமம்."

கையெழுத்துப் போட்டாள்.

மேலாளர் இரண்டரைக்கு வந்தார். படித்துவிட்டு வரைபடத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். எந்தப் பக்கம் பார்த்தாலும் அது இறங்கிக்கொண்டேதான் இருந்தது.

"கிராஃப் யார் கேட்டா?"

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கு சார்."

"மூணு மணிக்கு மேல பாக்க மாட்டீங்களா?"

"என் நேரம் மூணு வரைக்கும்தான்."

"அது எல்லாருக்கும்தான். எல்லாரும் இப்படி ஆரம்பிச்சா?"

இந்த இடத்தில் நான் எப்போதும் "சரி சார், இன்னிக்கு மட்டும்" என்பேன். அந்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்து நின்றது. அதை விழுங்குவதற்கு எடுத்த நேரத்தில் அவர் இன்னும் பேசினார்.

"இதை அனுப்பினா ரெண்டு விஷயம் நடக்கலாம். உங்களுக்கு ஆள் தரலாம். இல்ல, உங்க இடத்துக்கு ஆள் தேடலாம். ரெண்டாவதுதான் செலவு கம்மி. தெரிஞ்சுதான் குடுக்குறீங்களா?"

"தெரியும் சார்."

"முடியலைன்னு ஒத்துக்கிறீங்க."

"ஒன்பது மணி நேரத்துக்கு மேல என்னால முடியாது. யாராலயும் முடியாது. அதான் அதுல போட்டிருக்கேன்."

அவர் 'பாத்துக்கலாம்' என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. தாளை மடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு தன் அறைக்குப் போனார்.

லேப் டாக்டருக்குப் போன் செய்தேன். "பாஸ்வேர்டு மறந்துபோச்சேம்மா" என்றார், பேனா தொலைந்ததுபோல.

"புதுசு போட்டுடலாம் டாக்டர். ரெண்டு நிமிஷம். நான் போறதுக்குள்ள வந்துடுங்க."

"எங்க போறீங்க?"

"வீட்டுக்கு."

வீட்டுக்கா என்று ஒரு முறை கேட்டார். பிறகு வருகிறேன் என்றார்.

மூன்று மணிக்கு எழுந்தேன். தட்டில் அறுபதுக்கு மேல் குழாய்கள் நின்றன, எல்லா நிற மூடிகளும். போகிறவளை அவை பார்ப்பதுபோல் இருந்தது. படியேறி வெளியே வந்தேன். வெயில் கண்ணைக் குத்தியது.

பஸ் நிறுத்தம் மருத்துவமனைக்கு நேர் எதிரே. ஒரு பஸ் வந்தது. நான் ஏறவில்லை. இன்னொன்று வந்தது. அதிலும் ஏறவில்லை. விடுதலை மாதிரி ஏதாவது இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. உள்ளங்கைகளைத் தொடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டேன். எடுத்தால் சாலையைக் கடந்து திரும்பிப் போய்விடுவேன் என்று பயமாக இருந்தது. சாலை அகலம்கூட அதிகமில்லை.

பத்து நிமிடம் கழித்துக் குருவி ஓடிவந்தாள். அவளுக்கும் மூன்று மணிக்கு முடிகிறது. கையில் பை.

"நீங்க இன்னும் போகலையா?"

"உள்ள என்ன நடக்குது?"

"டாக்டர் உங்க நாற்காலியில உக்காந்திருக்காரு. ஒரு ரிப்போர்ட்டை அஞ்சு நிமிஷம் பாக்குறாரு. கண்ணாடியைக் கழட்டுறாரு, மாட்டுறாரு. வார்டுக்காரங்க போன் மேல போன். சார் பின்னாடி நின்னு கையைப் பிசையறாரு. பாக்கவே பாவமா இருக்கு."

"அவசரம் எதாவது தேங்கியிருக்கா?"

"இல்ல. ரெண்டு வந்துச்சு, ரெண்டும் போயிடுச்சு." என் முழங்கையைப் பார்த்தாள். "ஏன் கை மேல உக்காந்திருக்கீங்க?"

"சும்மா. அந்தப் படிவம்?"

"சார் மேஜை மேல இருக்கு. கையெழுத்தும் போடல, கிழிக்கவும் இல்ல. நாளைக்கு மேலிடத்துலேர்ந்து யாரோ வர்றாங்களாம். உங்களைக் கேப்பாங்களாம்." குரல் இறங்கியது. "என்னையும் கேப்பாங்களாக்கா?"

"நாளைக்கு உனக்கு லீவு."

"நாளைக்கா? அவங்க வர்ற அன்னிக்கா? நான் ஓடி ஒளிஞ்சுட்டேன்னு நினைப்பாங்க."

"பதிமூணாவது நாள் உன்னை வேலை வாங்கினா, நாம எழுதினதெல்லாம் பொய்யாயிடும். கேக்குறதை என்கிட்ட கேக்கட்டும்."

"உங்களையே நிறுத்திட்டாங்கன்னா?"

"நாளைக்குத்தானே தெரியும். இன்னிக்கு நான்தான் பொறுப்பாளர். அட்டவணையும் நான்தான் போடுறேன். வராதே. வந்தா திருப்பி அனுப்புவேன்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவளுடைய பஸ் வந்தது. ஏறிவிட்டு, படியில் நின்றபடி, "நீங்க ஏறுறதைப் பாக்காம நான் போறேன், ஏமாத்தாதீங்க" என்று கத்தினாள். நடத்துநர் அவளை உள்ளே போகச் சொல்லி அதட்டினார்.

என் பஸ் மூன்றாவது முறையாக வந்தது. கைகளைத் தொடைக்கு அடியிலிருந்து எடுத்தேன். மரத்துப்போயிருந்தன. விரல்களை மடக்கி நீட்டிவிட்டு, கம்பியைப் பிடித்து ஏறினேன். உட்கார இடம் இருந்தது. காலையிலிருந்து உட்கார்ந்தாயிற்று, உட்காரவில்லை. மருத்துவமனையின் மதில் முடியும்வரை நின்றுகொண்டே போனேன்.